சனிக்கிழமை கிளப்புகள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஸ்பாகன்பர்க் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். இருபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஒரு மீனவ ஊரின் அணி 2023இல் நெதர்லாந்துக் கால்பந்துக் கோப்பை அரையிறுதி வரை வந்து பி.எஸ்.வி. என்ற பெரிய தொழில்முறை அணியோடு மோதியது என்றால், அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? அவ்வளவு நன்றாக ஆடுகிறவர்கள் ஏன் மேல் டிவிஷனுக்குப் போவதில்லை? அடுத்த வருடம் மேற்படிப்புக்காக உட்ரெக்ட் போகிறேன். நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த கிளப்பைப் பதினொரு பேராகப் பார்த்தால் கணக்கு உதைக்கும். மேல் டிவிஷன் அணியான உட்ரெக்டை அதன் சொந்த மைதானத்திலேயே 4-1 என்று வீழ்த்தி, பி.எஸ்.வி.யிடம் 2-1இல் தோற்ற அந்த முதல் அணிக்குச் சம்பளம் உண்டு. ஆனால் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். கிளப்பின் எடை அவர்களுக்குக் கீழே இருக்கிறது.

முதல் அணி இறங்குவது சனிக்கிழமை பிற்பகல். அதற்குள் காலையிலிருந்தே அங்கே ஆறேழு வயதுப் பிள்ளைகளில் தொடங்கி வரிசையாக ஆட்டங்கள் நடந்திருக்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடுவர் வேண்டும், உடைமாற்றும் அறையின் சாவி வேண்டும், வெளியூர் ஆட்டமென்றால் கார் ஓட்டப் பெற்றோர் வேண்டும், ஜெர்சிகளை மொத்தமாக வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்க ஒருவர் வேண்டும். அநேகமாக எல்லாமே சம்பளமில்லாத வேலை. தன்னார்வலருக்கு 2024இல் மாதம் 210 யூரோ, ஆண்டுக்கு 2,100 யூரோ வரை வரியில்லாமல் கொடுக்கச் சட்டம் இடம் தந்தது. பெரும்பாலானவர்கள் அதையும் வாங்குவதில்லை. பல கிளப்புகளில் சந்தா கட்டினால் மட்டும் போதாது, ஆண்டுக்கு இத்தனை முறை வேலைக்கு வர வேண்டும் என்பதும் விதி.

வருமானம் என்றால் சந்தா, மைதானத்தைச் சுற்றியுள்ள உள்ளூர்க் கடைகளின் விளம்பரப் பலகைகள், கேன்டீன். பெரும்பாலான ஊர்களில் மைதானம் நகராட்சியுடையது. கிளப் வாடகை தருகிறது. கேன்டீனைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பீர் ஊற்ற வேண்டுமானால் மதுச் சட்டப்படி சான்றிதழ் பெற்ற பொறுப்பாளர்கள் கிளப்புக்கு இருக்க வேண்டும். கவுண்டரில் நிற்கும் தன்னார்வலரும் அதற்கான சிறு பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 18 வயது நிறையாதவருக்குக் கொடுத்தால் அபராதம். பணிப் பட்டியலில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் பெயரில்லாமல் காலியாகக் கிடந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. டிவிஷன் இறங்கினால்கூட அடுத்த வருடம் ஏறிவிடலாம். பட்டியலில் பெயர்கள் குறையத் தொடங்கிய கிளப்பை மீட்பதுதான் கடினம்.

செலவில் பெரியது மைதானம். ஈரமான மண், குளிர்கால மழை. இயற்கைப் புல்லில் வாரம் முழுக்கப் பயிற்சி நடத்தினால் டிசம்பருக்குள் கோல் முன்பகுதி சேறாகிவிடும், ஆட்டம் ரத்தாகும். அதனால்தான் பலரும் செயற்கைப் புல்லுக்கு மாறினார்கள். அதைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம் என்று நினைப்பது பெரிய தவறு. ஒரு முழு மைதானத்தில் புல் இழைகளுக்கு நடுவே சுமார் 100 டன் நிரப்புத் துகள் இருக்கும், பெரும்பாலும் பழைய டயரை அரைத்த ரப்பர். பெனால்டி புள்ளியிலும் கார்னரிலும் கோலுக்கு முன்னும் கால்கள் அதை ஒதுக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வாராவாரம் பிரஷ் இழுத்துச் சமப்படுத்தி, அந்த இடங்களில் கையால் துகள் போட்டு நிரப்ப வேண்டும். விட்டால் இழை படுத்துவிடும், பந்து தாறுமாறாகத் துள்ளும், பத்துப் பன்னிரண்டு வருடம் உழைக்க வேண்டிய மேற்பரப்பு அதற்கு முன்பே போய்விடும். வாசலில் கம்பித் தூரிகை வைத்து ஷூவைத் தட்டச் சொல்வதும் இதனால்தான். துகள் சாக்கடைக்குப் போகக் கூடாது. 2016இல் இந்த ரப்பர் உடம்புக்குக் கேடா என்று நாடே பதறியது. உடல்நல ஆபத்து மிகமிகக் குறைவு என்று அரசு ஆய்வு நிறுவனம் அந்த டிசம்பரில் சொன்னது. ஆனால் மைக்ரோபிளாஸ்டிக் என்ற காரணத்தால் இத்தகைய துகள் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை விதித்து, 2031 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது. கார்க் துகளுக்கு மாறுகிறவர்களுக்கு வேறு தலைவலி: அது லேசு, அடைமழையில் மிதந்து ஓரத்துக்குப் போய்விடும்.

சிறுவர் ஆட்டத்தை அவசியம் கவனியுங்கள். நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கம் செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஏழு வயதுக்குட்பட்டோருக்கு அணிக்கு நாலு பேராக நாலுக்கு நாலு, 30க்கு 20 மீட்டர் களம். அடுத்து ஆறுக்கு ஆறு, 42.5க்கு 30. அதன்பின் எட்டுக்கு எட்டு, 64க்கு 42.5. பதின்மூன்று வயதுப் பிரிவில்தான் முழு மைதானம். சிறுவர் பிரிவுகளில் பந்து பக்கவாட்டில் வெளியே போனால் த்ரோ கிடையாது, காலால் உருட்டியே உள்ளே வருவார்கள். எல்லாப் பிள்ளைக்கும் பந்து காலில் படுகிறது. பெரிய மைதானத்தில் விட்டால் வேகமாக ஓடுகிற ஒரு பையன்தான் ஆடுவான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஸ்பாகன்பர்க் ஆடுவது 2016இல் மறுபடி தொடங்கிய ட்வேடே டிவிசியில், மேலிருந்து மூன்றாவது படியில். இரண்டாவது படிக்கு ஏறினால் தொழில்முறை உரிமம் வேண்டும், முழுநேர ஒப்பந்தங்கள் வேண்டும், வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்கள். ஆண்டுச் செலவு சில மடங்காகும். வேலையை விட முடியாத நல்ல ஆட்டக்காரர்கள் விலகுவார்கள். ஸ்பாகன்பர்க் போன்ற புராட்டஸ்டன்ட் ஊர்களில் ஞாயிறு கர்த்தருடைய நாள், அன்று ஆட்டமே இல்லை. ஞாயிறும் அட்டவணையில் வரும் லீக் அவர்களுக்கு ஒத்துவராது. அந்த மூன்றாவது படியில் பட்டம் வென்ற கட்வைக் என்ற அணிகூட மேலே போகவில்லை. 2013இல் ஏறிய அகிலஸ் 29, க்ரூஸ்பேக் என்ற சிற்றூரின் அணி, பணச் சிக்கலோடு 2017இல் இறங்கியது. ஏறாமல் இருப்பதைப் பயம் என்று நான் சொல்லமாட்டேன். அது சரியான கணக்கு.

உட்ரெக்டிலிருந்து ரயிலில் ஆமெர்ஸ்ஃபோர்ட் போய் அங்கிருந்து பஸ் பிடியுங்கள். ஸ்பாகன்பர்க்குக்கு ரயில் இல்லை. டே வெஸ்ட்மாட் விளையாட்டுத் திடலில் நீல அணியான ஸ்பாகன்பர்க்கும் சிவப்பு அணியான ஐசல்மேர்ஃபோகல்ஸும் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது 1931இல் தொடங்கியது, மற்றது 1932இல். சிவப்பு அணி 1975லேயே கோப்பை அரையிறுதிக்குப் போய் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு அணி விருதையும் வாங்கிவிட்டது என்பதை நீலக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும்! இரண்டும் ஒரே டிவிஷனில் இருக்கும் வருடமானால் அவை மோதும் டெர்பி ஆட்டத்துக்கு டிக்கெட் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள், பிற்பகல் ஆட்டத்துக்கு மட்டும் போகாதீர்கள். வங்கி அட்டை இருக்கட்டும். பல கேன்டீன்களில் ரொக்கம் வாங்குவதில்லை.