வாசகர் கேள்வி – பதில்: அப்புத்தளையில் நான்கு நாள்

கேள்வி (பரந்தன் வாசகர்): காலபோக அறுவடை முடிந்ததும், பங்குனி மாதத்தில், இரண்டு குடும்பமாக அப்புத்தளையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நான்கு நாள் தங்க எண்ணியுள்ளோம். பள்ளிப் பிள்ளைகள் மூவர். எழுபது வயதான அம்மம்மாவும் வருகிறார். காலையில் புறப்பட்டு இருட்டுமுன் திரும்பக்கூடிய நடைகளும் நீர்வீழ்ச்சிகளும் எவை?

பதில்: நீங்கள் தெரிவுசெய்த மாதம் நடப்பதற்கு நல்லது, நீர்வீழ்ச்சி பார்ப்பதற்கு அவ்வளவு நல்லதன்று. ஊவாப் பக்கத்து அருவிகளுக்கும் நம்முடைய குளங்களைப் போலவே வடகீழ்ப் பருவமழைதான் பெருந்தண்ணீர் தருவது என்பதால், இரணைமடு வான் பாயும் மார்கழியில் அவையும் பெருகிப் பங்குனியில் மெலிந்துவிடும். ஆனால் அவை பெருகும் காலத்திலேதான் மலையும் சரிகிறது. கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29 இல். டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்தது 2025 நவம்பர் இறுதியில். ஆகவே மெலிந்த அருவியைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வருவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பாதை திறந்திருக்கிறதா என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் முதல்நாள் இரவே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் லிப்டன் சீட் என்னும் மலையுச்சிக் காட்சிமுனைக்குப் போங்கள். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து சுமார் 7 கிலோமீற்றர் தேயிலைக்குள்ளால் வளைந்து வளைந்து ஏறும் பாதை அது. விடியற்காலையில் எல்லோரும் ஓட்டோவில் ஏறிப்போய், திரும்பும்போது அம்மம்மாவை ஓட்டோவில் விட்டு மற்றவர்கள் இறங்கி நடப்பதுதான் புத்தி. ஒன்பது மணி தாண்டினால் பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறிவந்து காட்சி முழுவதையும் மூடிவிடும். பிறகு தேநீர் குடிப்பதைத் தவிர அங்கே வேலையில்லை.

பம்பரகந்தை நாட்டிலேயே உயரமான நீர்வீழ்ச்சி: 263 மீற்றர், நம்மூர்க் கணக்கில் பத்துப் பனை உயரம். ஹல்துமுல்லை தாண்டிக் கலுபஹன சந்தியில் திரும்பி, ஒடுங்கிய வீதியில் சுமார் 5 கிலோமீற்றர் ஏறினால், மீதி சிறு நடைதான். பங்குனியில் தண்ணீர் பாதி வழியிலேயே காற்றில் சிதறி, கீழே நிற்பவரின் முகத்தில் தூறலாக விழும். பிள்ளைகளுக்கு அது போதும். 220 மீற்றர் உயரமான தியலுமவை வெல்லவாய வீதியோரத்திலேயே நின்று அண்ணாந்து பார்க்கலாம் என்பதால் அம்மம்மாவுக்கு அதுவே வசதி.

ஹோர்டன் சமவெளிக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டாம். உலக முடிவு என்னும் செங்குத்து மலைவிளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றிவரும் நடை ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர், கல்லும் மேடுமாக மூன்று மணித்தியாலமாவது பிடிக்கும். உலக முடிவில் பத்து மணிக்குப் பின் பெரும்பாலும் வெள்ளை முகிலைத்தான் பார்ப்பீர்கள் என்பதால், இருட்டோடேயே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியிருக்கும். ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏறும்போதும் வெப்பநிலை ஆறு பாகைக்கு மேல் குறைகிறது. அந்தச் சமவெளியோ 2,000 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. பரந்தனில் மார்கழிப் பனிக்குப் போடும் மெல்லிய சுவெற்றர் அங்கே ஒன்றுக்கும் உதவாது. சாப்பாட்டைப் பொலித்தீன் பையில் கட்டாதீர்கள், வாசலில் வாங்கிவிடுவார்கள்.

கேள்வி (செட்டிகுளம் வாசகி): தியலுமவின் மேலேயுள்ள தடாகங்களில் குளிக்க வேண்டுமென்று மகன் நிற்கிறான். அருவி ஆற்றில் நீந்தி வளர்ந்தவன். விடலாமா?

பதில்: அருவி ஆற்றின் பெயரில்தான் அருவி இருக்கிறது, உங்கள் பக்கத்தில் அது சமதரை ஆறு. வன்னியில் வெள்ளம் நம் கண்முன்னே ஏறும். குளத்தின் வான்கதவு திறக்குமுன் அறிவித்தலும் வரும். மலை ஓடைக்கு அப்படிச் சொல்லி வருகிற பழக்கம் இல்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறிக்க, மேலே கண்ணுக்குத் தெரியாத தோட்டத்தில் பெய்த மழை சிறிது நேரத்தில் உங்கள் காலடிக்கு வந்துவிடும். ஊவாவில் ஓர் ஓடைக் கல்லில் இருந்து நாங்கள் சோற்றுப் பொதியை அவிழ்த்தபோது, பளிங்காக ஓடிய தண்ணீர் வெறுந்தேநீர் நிறமாகி, அதில் சருகுகள் மிதந்து வந்தன. கூட வந்த தோட்டத்து அண்ணர் ஒரு சொல்லும் பேசாமல் பொதியைப் பறித்துக்கொண்டு கரையேறினார். நாங்கள் ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது அந்தக் கல்லைக் காணவில்லை.

மகனை விடலாம், ஆனால் முற்பகலில் மட்டும், ஊர்வாசி ஒருவரோடு மட்டும், விளிம்பிலிருந்து தள்ளியுள்ள தடாகத்தில் மட்டும். பங்குனி, சித்திரையில் மலைநாட்டில் பின்னேரம் இடிமழை வழமை. நீச்சல் தெரிந்தவனையும் பாசிக்கல் வழுக்கும் என்பதை அவனிடம் சொல்லுங்கள். அம்புலன்ஸ் இலக்கம் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. ஆனால் மலைமடிப்புகளில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காமலும் போகலாம்.

கேள்வி (முள்ளியவளை வாசகர்): மலை அட்டைக்கு என்ன செய்வது?

பதில்: வயல் அட்டை தண்ணீரில் நீந்திவரும், மலை அட்டை ஈரப் புல்லில் நிமிர்ந்து நின்று காலுக்குக் காத்திருக்கும். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, காலுறைக்கு மேல் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் நெருப்பு வைக்காமல் நகத்தால் ஓரத்தை நெம்பி எடுத்துவிட்டுக் கழுவினால் போதும். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது என்பதால் காயம் சிறிது நேரம் கசியும்.