பொன்னியின் செல்வனுக்கு அப்புறம் என்ன படிக்கலாம்?

ஐந்து பாகத்தையும் பத்து நாளில் முடித்துவிட்டு, அடுத்ததாக ஜெயமோகனின் விஷ்ணுபுரம் நாவலை எடுத்து ஐம்பது பக்கத்திலேயே மூடிவைத்துவிட்டேன், எனக்கு இலக்கியம் சரிப்படாது போல என்று எழுதியிருக்கிறீர்கள். அட, அதற்குள் அப்படி முடிவு கட்டாதீர்கள். நானே அதை மூன்றாவது முயற்சியில்தான் முடித்தேன்.

கல்கி வாராவாரம் தொடராக எழுதியவர், அடுத்த இதழ் வரை காத்திருக்க வைக்கத் தெரிந்தவர். அந்தப் பழக்கத்தோடு வருகிறவருக்கு என்னுடைய முதல் சிபாரிசு கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம். 1976இல் வந்தது, சின்னப் புத்தகம்தான். ஆந்திராவிலிருந்து தப்பி வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய மக்களின் கதையைத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டி சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே போவார், உங்களுக்கு எங்கேயும் நிறுத்தத் தோன்றாது.

அடுத்து அசோகமித்திரனின் பதினெட்டாவது அட்சக்கோடு. நிஜாம் ஆட்சி முடியப்போகிற நேரத்துச் செகந்திராபாத், கிரிக்கெட் ஆடும் ஒரு கல்லூரிப் பையன். முதல் பாதியில் ஒன்றுமே நடக்கவில்லையே என்று தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கடைசிப் பக்கங்கள் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கின்றன.

தி. ஜானகிராமனின் மோகமுள்ளை எல்லோரும் சொல்வார்கள். கும்பகோணமும் ரங்கண்ணாவின் சங்கீதமும் அற்புதம், ஆனால் நாயகன் பாபுவின் புலம்பல் எனக்குக் கொஞ்சம் அதிகம் (அடிக்க வராதீர்கள்). ஜி. நாகராஜனின் நாளை மற்றுமொரு நாளே ஒரே நாளில் நடக்கிற கதை, ஒரே உட்காரலில் முடியும், ஆனால் இப்போதைக்கு வேண்டாம். அதன் நாயகன் கந்தனின் உலகத்துக்குள் வந்தியத்தேவனை மனதில் வைத்துக்கொண்டு போனால் எரிச்சல்தான் வரும்.

விஷ்ணுபுரம் அலமாரியிலேயே இருக்கட்டும்.