நெல் வயலில் நுண்ணுயிர் உரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கடந்த சம்பாவில் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தில் இரண்டு பொட்டலம் வாங்கி, முதல் மேலுரத்துக்கு வைத்திருந்த யூரியாவோடு கலந்து வயலில் தூவினேன். அதைப் போட்டால் யூரியாவே தேவைப்படாது என்று கடையில் சொன்னார்கள். நான் யூரியாவைக் குறைக்கவில்லை. ஆனாலும் போடாத பக்கத்து வயலுக்கும் என் வயலுக்கும் ஒரு வேறுபாடும் தெரியவில்லை. இந்த உரத்தால் உண்மையில் பயன் உண்டா? (மன்னார்குடி வட்டார வாசகர் ஒருவர்)

பதில்: பயன் உண்டு. ஆனால் நீங்கள் போட்ட விதத்தில் அது வெளிப்பட வாய்ப்பே இல்லை. கடையில் சொன்னதும் மிகையான பேச்சுதான்.

பொட்டலத்தில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. நிலக்கரித் தூள் போன்ற ஊடகத்தில், சற்று ஈரப்பதத்தோடு, அதை வளர்த்து அடைத்திருப்பார்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி தூள் வடிவ உயிர் உரத்தில் ஒரு கிராமுக்கு 5 கோடி உயிரணுக்களாவது உயிரோடு இருக்க வேண்டும். அவற்றை யூரியாவோடு கலந்தால், கரையத் தொடங்கும் யூரியாவின் செறிவு உயிரணுக்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். வயலில் விழுவதற்கு முன்பே பெரும்பகுதி செத்துவிடும். தப்பிப் பிழைத்தவையும் வேலை செய்யாது. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பயிர் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவது பாக்டீரியாவுக்கு மிகுந்த ஆற்றல் செலவாகும் வேலை. சுற்றிலும் அம்மோனியம் தாராளமாகக் கிடைக்கும்போது அந்த வேலைக்கான நொதியை அது உற்பத்தி செய்வதில்லை. ஆகவே யூரியாவை முழு அளவில் போட்டுவிட்டு, பாக்டீரியாவும் கூடுதலாகத் தழைச்சத்தை (நைட்ரஜனை) தரும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

இந்தப் பாக்டீரியாவை 1925-ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்து அறிவியலாளர் பெயரிங்க் வேறொரு பெயரில் விவரித்திருந்தாலும், பிரேசிலில் ஜோஹன்னா டோபரைனர் 1970-களில் புல்வகைப் பயிர்களின் வேர்களில் செய்த ஆய்வுகளுக்குப் பிறகே உலகம் இதைப் பொருட்படுத்தியது. தழைச்சத்தை நிலைப்படுத்தும் திறனுக்காகவே அன்று இது பேசப்பட்டது. ஆனால் வேரை ஒட்டி வாழ்ந்து, வேர் வளர்ச்சியைத் தூண்டும் ஊக்கிகளைச் சுரப்பதும் இதன் பலனில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. நெல்லில் இதன் முதல் நன்மை வேரில்தான் என்பது என் கருத்து. பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகினால், மண்ணில் ஏற்கெனவே உள்ள சத்தையும் நீங்கள் இடும் உரத்தையும் பயிர் வீணாக்காமல் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இதை வயலில் தூவுவதைவிட விதையிலும் நாற்றின் வேரிலும் ஏற்றுவதே மேல்.

வரும் சம்பாவுக்கு இப்படிச் செய்யுங்கள். ஒரு ஏக்கர் நடவுக்கான விதையை ஊறவைக்கும் தண்ணீரில் அசோஸ்பைரில்லம் 200 கிராம் பொட்டலம் இரண்டையும், மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா இரண்டையும் கரைத்து, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் விதையை எடுத்த பிறகு எஞ்சும் கரைசலைக் கொட்டிவிடாமல் நாற்றங்காலிலேயே ஊற்றிவிடுங்கள். நாற்றுப் பறித்த அன்று, வரப்போரம் நிழலில் ஓர் அகலமான பாத்திரத்தில் 16 லிட்டர் தண்ணீரில் மேலும் இரண்டு பொட்டலம் அசோஸ்பைரில்லத்தைக் கரைத்து, நாற்று முடிகளின் (கட்டுகளின்) வேர்ப்பகுதி நனையும்படி 15 முதல் 30 நிமிடம் வைத்திருந்து நடுங்கள். நடவு ஆட்கள் அவசரப்படுத்துவார்கள். முடியைத் தண்ணீரில் காட்டிவிட்டு எடுப்பதோடு முடித்துவிடக் கூடாது. இத்தோடு, நடவுக்கு முன் நான்கு பொட்டலத்தைப் பத்து கிலோ மக்கிய தொழு உரத்திலும் பத்து கிலோ மண்ணிலும் கலந்து வயலில் தூவலாம். மூன்றையும் செய்ய முடியாவிட்டால், வேர் நனைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மக்கிய பொருள் இல்லாத மண்ணில் பாக்டீரியாவுக்கு உணவு இல்லை என்பதால், தொழு உரமோ பசுந்தாள் உரமோ போடாத வயலில் பலன் குறைவாகவே இருக்கும்.

யூரியாவைப் பொறுத்தவரை, தழைச்சத்தில் கால் பங்கைக் குறைக்கலாம் என்பதே பொதுவான பரிந்துரை. மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்றால் ஏக்கருக்கு 60 கிலோ. அதில் கால் பங்கு 15 கிலோ. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால், மிச்சமாவது ஏறத்தாழ 33 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்காமல், நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை இலையின் பச்சையை எண்ணிட்ட நிறங்களோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பச்சை குறைந்தால் மட்டும் மேலுரம் இடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையில் 3-க்குக் கீழேயும் மற்ற ரகங்களுக்கு 4-க்குக் கீழேயும் இறங்கும்போதுதான் யூரியா தேவை.

பக்கத்து வயலோடு ஒப்பிடுவது சரியான சோதனை ஆகாது. அவருடைய மண், விதை, தண்ணீர் எல்லாமே வேறு. உங்கள் வயலிலேயே ஒரு பாத்தியில் மட்டும் வேரை நனைக்காத நாற்றை நட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரே மாதிரி செய்து, ஒரு மாதம் கழித்து இரண்டு பக்கத்திலும் பத்துப் பத்துக் குத்துகளில் தூர் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: விதை நேர்த்திக்குப் பூஞ்சாணக்கொல்லி போடுகிறோம். அதோடு உயிர் உரத்தையும் கலக்கலாமா? பொட்டலம் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பட்டுக்கோட்டை வாசகி ஒருவர்)

பதில்: கலக்கக் கூடாது. பூஞ்சாணக்கொல்லி நேர்த்தியை முதலில் முடித்து, ஒரு நாள் இடைவெளி விட்டு, உயிர் உரத்தைக் கடைசியாகச் சேருங்கள். சூடோமோனாஸ் போன்ற உயிர்க்கட்டுப்பாட்டு நுண்ணுயிரை உயிர் உரத்தோடு சேர்ப்பதில் தடையில்லை. பொட்டலத்தில் தயாரிப்புத் தேதியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள்; தூள் வடிவம் பொதுவாக ஆறு மாதமும் திரவ வடிவம் ஓராண்டும் தாங்கும். பிரிக்கும்போது தூள் புழுதியாகப் பறந்தால் ஈரம் போய்விட்டது என்று பொருள். அதை நம்ப வேண்டாம். கடையிலிருந்து வாங்கி வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினாலும் இதே கதிதான்.

கேள்வி: உளுந்துக்கு வாங்கிய ரைசோபியம் மீதி இருக்கிறது. நெல்லுக்குப் பயன்படுமா? (திருவாரூர் மாவட்ட வாசகர் ஒருவர்)

பதில்: பயன்படாது. ரைசோபியம் பயறுவகைப் பயிர்களின் வேரில் முடிச்சு உண்டாக்கி வாழ்வது. நெல் வேரில் அப்படி முடிச்சு வராது. காலாவதி ஆகாமல் இருந்தால், சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு நிற்கும் பயிரிலேயே விதைக்கும் நெல் தரிசு உளுந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாஸ்போபாக்டீரியா போட்டால் சூப்பர் பாஸ்பேட்டை அடியோடு விட்டுவிடலாமா? (சீர்காழி வாசகர் ஒருவர்)

பதில்: அது மணிச்சத்தை உருவாக்குவதில்லை, மண்ணில் கரையாமல் கட்டுண்டு கிடப்பதை அமிலங்கள் சுரந்து கரைத்துத் தருகிறது. பல ஆண்டுகள் மணிச்சத்து உள்ள டிஏபி உரம் போட்டு மணிச்சத்து சேர்ந்துவிட்ட வயலில் இது நன்றாக உதவும். மண் பரிசோதனையில் மணிச்சத்து குறைவு என்று வந்திருந்தால், அடியுரத்தை விட்டுவிடாதீர்கள்.