அந்தப் பூட்டு யாருக்காக?

கேள்வி: எங்கள் தெருவில் டூவீலர் மோதிக் கிடந்த பெண் பூனையை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, ஆறு வாரம் கூண்டில் வைத்திருந்தால் போதும் என்றார் டாக்டர். மூன்று வாரம் ஆகிறது. இப்போது எழுந்து நடக்கிறாள். ஆனால் மத்தியானம் முழுக்கக் கத்துகிறாளாம். நான் வேலைக்குப் போய்விடுவதால் பகலில் கணவரின் அம்மா, அதாவது அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். பாவம் என்று கூண்டைத் திறந்துவிட்டுவிடுகிறார். தன் முட்டிவலி மாத்திரையில் கால்வாசி கொடுக்கலாமா என்றுகூட ஒருநாள் கேட்டார். எவ்வளவு சொன்னாலும் அவருக்குப் புரியவில்லை. கணவர் இதில் தலையிடுவதில்லை. சின்னதாக ஒரு பூட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இப்படி அடைத்து வைப்பது பாவமா? இவள் பழையபடி நடப்பாளா? — வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: நடப்பாளா என்பதை எக்ஸ்ரே பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். இடுப்பைச் சுற்றியிருக்கும் தடித்த தசைகளே முறிந்த எலும்பை ஓரளவுக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கூண்டு ஓய்விலேயே தேறிவிட்ட பூனைகள் நிறைய உண்டு. அடைத்து வைப்பது பாவமும் இல்லை, அதுதான் இப்போதைக்கு அவளுக்கு மருந்து. நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் இவ்வளவுதான்.

எனக்கு அந்தப் பூட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

கூண்டின் கொக்கியைப் பூனை திறக்கவில்லை. அப்படியானால் பூட்டு யாருக்கு? சாவி எங்கே இருக்கும்? உங்கள் கைப்பையில், ஆபீஸில். பன்னிரண்டு மணிக்குப் பூனையின் நகம் கம்பியில் மாட்டிக்கொண்டால் அத்தை என்ன செய்வார்? தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து விரிப்பு நனைந்தால், வயிற்றுப்போக்காகி அதன்மேலேயே அவள் படுத்துக் கிடந்தால், நீங்கள் வரும்வரை அந்த அம்மாள் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? வீட்டுப் பெரியவர் கைக்கெட்டாமல் வீட்டுக்குள்ளேயே ஒன்றைப் பூட்டி வைக்க நினைத்தீர்களே, அதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகவும் முடிந்ததே! அதுதான் எனக்கு வருத்தம்.

இது மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. சிலவற்றில் நாய்க்குட்டி, சிலவற்றில் கைக்குழந்தை, சிலவற்றில் படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா. மனமிரங்கிப் பொறுப்பை ஏற்பவர் ஒருவர். பகல் பாடு விழுவது வீட்டில் இருக்கும் இன்னொருவர் தலையில். முன்னவர் சாயங்காலம் வந்ததும் கணக்குக் கேட்பார். பூனையைத் தூக்கி வந்தது நல்ல காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் இரக்கத்துக்கான உழைப்பில் பாதியை அத்தையிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டீர்கள். 'பார்த்துக்கொள்வீர்களா?' என்று கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. முட்டிவலிக்காரர் தரையில் இருக்கும் கூண்டின் முன்னால் எத்தனை தடவை குனிந்து நிமிர்கிறார் என்று யோசித்தீர்களா?

'எவ்வளவு சொன்னாலும் புரியவில்லை' என்கிறீர்கள். என்ன சொன்னீர்கள்? 'திறக்காதீங்க' என்று சொல்லியிருப்பீர்கள். ஏன் திறக்கக்கூடாது என்று உட்கார்ந்து சொன்னீர்களா? எலும்பு முறிவில் வலி முதலில் குறைந்துவிடும், எலும்பு சேர்வதற்கு அப்புறம் வாரக்கணக்கில் ஆகும். முறிந்த இடத்தில் முதலில் மெத்தென்று ஒரு இணைப்பு உண்டாகி, பிறகுதான் அது கெட்டிப்படும். உங்கள் பூனை இப்போது சரியாக அந்த நடுக்கட்டத்தில் இருக்கிறாள். வலி அவ்வளவாகத் தெரியாது, அதனால் அலமாரி மேல் தாவுவாள். இறங்கும்போது முழு எடையும் விழுவது அரைகுறையாகச் சேர்ந்த எலும்பின் மேல். இதைச் சொன்னால் புரியாத மாமியார் இந்த ஊரில் யாரும் இல்லை. அந்த எக்ஸ்ரேயை அத்தையிடம் காட்டினீர்களா? இன்று ராத்திரி விளக்குக்கு நேரே பிடித்து, இங்கேதான் முறிந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். படம் போனில் இருந்தால் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

அடுத்து அந்த மாத்திரை. அத்தை கொடுக்கவில்லை, கொடுக்கலாமா என்று உங்களைக் கேட்டார். கேட்காமல் கொடுத்திருந்தால் பூனை இன்றைக்கு உயிரோடு இல்லாமல் போயிருக்கலாம். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பேறும், முகம் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மனிதர் மாத்திரை எதுவும் கால்வாசி, அரைக்கால்வாசிகூடக் கூடாது என்பதைக் காரணத்தோடு அவரிடம் சொல்லுங்கள். அப்புறம், அவர் ஏன் கேட்டார் என்றும் யோசியுங்கள். மத்தியானம் அந்தக் கத்தலை இரண்டு மூன்று மணி நேரம் கேட்பவர் அவர். காலையில் கொடுக்கும் வலி மருந்து அதற்குள் தீர்ந்துபோகிறதோ என்னவோ! டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது, அதை எழுப்பியவர் உங்கள் அத்தை.

பூனை கத்துவது வலியாலா, தனிமையாலா, இணை தேடும் பருவம் வந்ததாலா என்று பிரித்துச் சொல்லக்கூடியவரும் அவர்தான். ஆளைக் கண்டதும் நிறுத்துகிறாளா, வாலைத் தூக்கித் தரையில் உருளுகிறாளா, கூனிக் குறுகிக் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா? ஒருநாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றால் அன்றைக்கே ஓட வேண்டும். இடுப்பெலும்பு கோணலாகச் சேர்ந்தால் மலம் போகும் வழி குறுகிவிடும். அதனால் முக்குகிறாளா, எத்தனை நாளைக்கொருமுறை போகிறாள் என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரிய வேண்டும். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் பூனைக்குக் கல்லீரல் கெடக்கூடும். இதையெல்லாம் பகலில் பார்க்கும் ஒரே ஆளை வெளியே நிறுத்தவா பூட்டு?

கூண்டை அத்தை வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மேலே பாதிக்கு ஒரு துணியைப் போர்த்துங்கள், ஒளிந்துகொள்ள இடம் இருந்தாலே பாதிக் கத்தல் அடங்கும். அவர் உட்கார ஸ்டூல் ஒன்று போடுங்கள். பூனை மலஜலம் கழிக்கும் மண்தட்டை மாற்றுவது காலையும் இரவும் உங்கள் வேலை. விடிகாலை எழுந்திருக்க வேண்டும் என்றால் எழுந்திருங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. தலையிடுவதில்லை என்பதை நல்ல குணமாக நினைத்துக்கொண்டிருக்கிறார் போலும். பகலெல்லாம் குனிந்து நிமிர்வது அவரைப் பெற்றவர், கவலையோடு வேலைக்கு ஓடுவது அவர் மனைவி. நடுவில் அவர் எதில் தலையிடாமல் இருக்கிறார்? ஒரே கூரையின் கீழ் இருக்கும் உயிருக்கு வீட்டிலிருக்கும் எல்லோரும் பொறுப்பு என்று நம்புகிறவள் நான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்குப் போன் செய்து, 'பூனை எப்படிம்மா இருக்கு, நீ சாப்பிட்டியா?' என்று கேட்க அவருக்கு எவ்வளவு நேரமாகும்?

அடுத்த பரிசோதனைக்கு அவரை லீவு போடச் சொல்லி, அத்தையையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டரிடம் அத்தை பேசட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். டாக்டர் சொன்னதில் சந்தேகம் இருந்தால் வேப்பேரி உங்களுக்குப் பக்கம்தான், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. மறக்காமல் கருத்தடை ஆபரேஷன் எப்போது செய்யலாம் என்றும் கேளுங்கள். இடுப்பு முறிந்து சேர்ந்த பெண் பூனைக்குக் குட்டி வெளியே வரும் வழி குறுகியிருக்கலாம். சினையானால் ஒன்பது வாரத்தில் பிரசவம், அதில் தாயும் சாகலாம். கூண்டைவிட்டு வெளியே விடுவதற்கு முன்னால் அந்தத் தேதியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.