பிரித்துக் கட்டிய ஐஎஸ்ஓ ஏன் பூட் ஆகவில்லை?

கேள்வி: கல்லூரிக் கணினி ஆய்வகத்துக்காக டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவல் ஐஎஸ்ஓவை (வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கியது) பிரித்து, தமிழ் எழுத்துருக்களையும் எங்கள் அமைப்புக் கோப்பையும் சேர்த்து, மறுபடியும் ஐஎஸ்ஓவாக்கி டிவிடியில் பதிந்தேன். பழைய கணினிகளில் ‘இமேஜ் செக்சம் எரர், சாரி’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. புதிய கணினிகளின் பூட் மெனுவில் டிவிடியே தென்படவில்லை. குறைந்த வேகத்தில் வேறு டிவிடிகளில் பதிந்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இனி டிவிடி வாங்க வேண்டாம். அந்த ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை இயக்கும் மென்பொருள்) இணைத்து இயக்கிப் பாருங்கள். அங்கும் அதே செய்தி வந்தால் பதிந்ததில் பிழையில்லை, கட்டியதில்தான் பிழை. வரும் என்றே நினைக்கிறேன்.

வட்டு பூட் ஆவதற்கான, அதாவது அதிலிருந்து கணினி தொடங்குவதற்கான, தகவல் முழுவதும் கோப்புகளில் இருப்பதில்லை. ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 1995இல் வெளியிட்ட எல் டோரிட்டோ விதிமுறைப்படி, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 17ஆம் செக்டரில் (செக்டர் என்பது வட்டின் 2048 பைட் துண்டு) ஒரு குறிப்பு இருக்கும். அது பூட் பட்டியல் இருக்கும் இடத்தைச் சொல்லும். பட்டியல், முதலில் ஏற்ற வேண்டிய நிரலைக் காட்டும். (அந்தப் பெயர் கொண்ட உணவகத்தில் பேசி முடித்த விஷயம் என்பதால் இப்படிப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.) கோப்புகளை மட்டும் வெளியே எடுத்தால் இதெல்லாம் கூடவே வராது.

உங்கள் பழைய கணினிகளில் பாதி வேலை நடந்துவிட்டது. அந்தப் பிழைச்செய்தியைச் சொல்வது கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் பயாஸ் அல்ல, ஐசோலினக்ஸ் என்ற பூட் லோடர் (இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கும் நிரல்). அதாவது பயாஸ் அதைக் கண்டுபிடித்து, முதல் 2048 பைட்டுகளை ஏற்றியும் விட்டது. மீதியை ஐசோலினக்ஸ் தானே படித்துக்கொள்ள வேண்டும். தான் வட்டில் எங்கே இருக்கிறோம், தன் நீளம் என்ன, கூட்டுத்தொகை (செக்சம்) என்ன என்பவற்றை அது தன் கோப்பின் தொடக்கத்தில் உள்ள 56 பைட் அட்டவணையில் பார்க்கும். நீங்கள் பிரித்தெடுத்த கோப்பில் இருப்பது மூல வட்டின் அட்டவணை. புதிய ஐஎஸ்ஓவில் கோப்பு வேறு செக்டருக்கு இடம் மாறிவிட்டது. ஐசோலினக்ஸோ பழைய முகவரிக்கே போய், அங்கிருக்கும் வேறு ஏதோ கோப்பின் பைட்டுகளைப் படித்துக் கூட்டிப் பார்க்கிறது. கணக்கு எப்படிச் சரியாக வரும்? ஐஎஸ்ஓவைக் கட்டும்போது ‘பூட்-இன்ஃபோ-டேபிள்’ விருப்பத்தைக் கொடுத்திருந்தால் அட்டவணை புதிதாக எழுதப்பட்டிருக்கும்.

புதிய கணினிகளின் சிக்கல் வேறு. அவை பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ வழியாக பூட் ஆகின்றன. அதற்கு வட்டின் பூட் பட்டியலில் தனிப்பதிவு வேண்டும். டெபியன் 12இல் அது, பூட் கோப்புறைக்குள் கிரப் கோப்புறையில் இருக்கும் ‘இஎஃப்ஐ.ஐஎம்ஜி’ கோப்பைக் காட்ட வேண்டும். கோப்பு உங்கள் ஐஎஸ்ஓவில் இருக்கிறது, பதிவுதான் இல்லை.

விட்டுப்போன விருப்பங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதைவிட, பிரிப்பதையே விட்டுவிடுங்கள் என்பேன். லினக்ஸில் கிடைக்கும் சோரிசோ கருவியில் மூல ஐஎஸ்ஓவை ‘இன்டெவ்’ என்றும், புதிய கோப்பின் பெயரை ‘அவுட்டெவ்’ என்றும் கொடுங்கள். சேர்க்க வேண்டியவற்றை ‘மேப்’ கட்டளையால் சேருங்கள். ‘பூட்_இமேஜ் எனி ரீப்ளே’ என்று கொடுத்தால், மூலத்தின் பூட் ஏற்பாடு முழுவதும் புதியதிலும் அமைந்துவிடும். பென் டிரைவிலிருந்து பூட் ஆவதற்குத் தேவையான தொடக்க செக்டர்களும் இதில் அடங்கும். பிரித்துக் கட்டியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது அதைத்தான்.

பழைய முறைதான் வேண்டுமென்றால், டெபியன் ஐஎஸ்ஓவிலேயே விடை உண்டு. புள்ளியில் தொடங்கும் ‘டிஸ்க்’ கோப்புறையில் ‘எம்கேஐசோஎஃப்எஸ்’ என்ற கோப்பைத் திறங்கள். அந்த ஐஎஸ்ஓவைக் கட்டிய கட்டளை முழுவதும் அங்கே இருக்கும். இந்த வழி எல்லா லினக்ஸுக்கும் பொருந்தாது. உபுண்டுவில் 20.10 முதல் ஐசோலினக்ஸே கிடையாது. ஃபெடோராவில் வட்டின் பெயரை மாற்றினாலே போதும், பாதி வழியில் நின்றுவிடும்.

ஏற்கெனவே இருந்த கோப்புகளைத் திருத்தியிருந்தால் ‘எம்டி5சம்’ உரைக்கோப்பையும் புதுப்பியுங்கள். பூட் ஆவதற்கு அது தேவையில்லை; ஆனால் நிறுவியில் உள்ள வட்டுச் சோதனை பிழை காட்டும்.

கட்டி முடித்ததும் சோரிசோவிடம் ‘ரிப்போர்ட்_எல்_டோரிட்டோ ப்ளெயின்’ என்று கேளுங்கள். பயாஸுக்கு ஒன்று, யூஇஎஃப்ஐக்கு ஒன்று என இரண்டு பதிவுகள் தெரிய வேண்டும். பிறகு விர்ச்சுவல்பாக்ஸில் இஎஃப்ஐ வசதியை அணைத்து ஒருமுறை, இயக்கி ஒருமுறை பூட் செய்து பாருங்கள். இரண்டிலும் நிறுவல் பட்டியல் வந்த பிறகு டிவிடியில் பதிந்தால் போதும்.