நாலு வாக்கியத்துக்கு மேல் ஜெபிக்க வராதா?

கேள்வி: எங்கள் ஜெபக்கூட்டத்தில் மற்றவர்கள் வேதவசனங்களைக் கோர்த்துச் சரளமாக ஜெபிக்கிறார்கள். என் முறை வந்தால் நாலு வாக்கியத்துக்கு மேல் வருவதில்லை. தனியாக இருக்கும்போது ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறேன். பாதியிலேயே மனம் எங்கோ போய்விடுகிறது. இதெல்லாம் ஜெபமாகுமா? அக்காவோடு பேச்சு நின்றுபோனதிலிருந்து அந்த வாசிப்பும் குறைந்துவிட்டது. எளிமையாக, உண்மையாக ஜெபிக்க எப்படிப் பழகுவது?
– ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நாலு வாக்கியம் தாராளம். தண்ணீரில் அமிழ்ந்துபோன பேதுரு சொன்னது மூன்றே சொல்: "ஆண்டவரே, என்னை இரட்சியும்." மத்தேயு 14-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள், இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். இயேசு சொன்ன உவமையில், தேவாலயத்தில் தூரத்தில் நின்ற ஆயக்காரனுக்கும், அதாவது வரி வசூலிக்கிறவனுக்கும், ஒரு வரிதான்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அதே உவமையில் வரும் பரிசேயன், மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவன், சரளமாகப் பேசினான். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம் என்று அடுக்கிய அந்த ஜெபத்தில் ஒரு விண்ணப்பமும் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கேட்பதற்கு அவனிடம் எந்தக் குறையும் இருக்கவில்லை.

அதற்காக நீளமாக ஜெபிக்கிறவர்கள் எல்லாரும் வேஷக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இயேசு இராமுழுதும் ஜெபித்ததை லூக்கா எழுதியிருக்கிறார். நிறையப் பேசினால்தான் கேட்கப்படும் என்ற நினைப்பைத்தான் இயேசு கண்டித்தார். கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது ஒரே ஒரு காரியத்தை, வீட்டில் பேசுகிற மாதிரியே கேட்டுவிட்டு ஆமென் சொல்லுங்கள். அடுத்தவர் தொடர்ந்துகொள்வார். எளிமையாக ஜெபிக்கிறவர் என்று பெயர் வாங்கவும் ஆசை வரும்; அதிலும் கொஞ்சம் ஜாக்கிரதை.

ஜெபப் புத்தகத்தை மூடிவைக்க வேண்டாம். எழுதியதை வாசித்தால் உண்மை போய்விடும் என்பது வீண் பயம். சங்கீதங்கள் 150-உம் எழுத்தில் வந்தவைதாமே? சிலுவையில் இயேசு கதறியதும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான்.

உங்கள் கேள்வியை ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். அவர், திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கு முடிதிருத்திய பேதுரு. எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்கு, 1535-இல் லூத்தர் ஒரு சிறு நூலே எழுதிப் பதில் சொன்னார். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக எடுத்து, அதை உங்கள் சொந்த வார்த்தையில் கேளுங்கள்; எந்த இடத்திலாவது நெஞ்சு நின்றுவிட்டால் மீதியை விட்டுவிட்டு அங்கேயே தங்குங்கள் என்பது அதன் சாரம். முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. கவனத்தைப் பற்றியும் சொன்னார்: கத்தியைப் பிடித்துக்கொண்டு வேறு பேச்சில் மூழ்குகிற முடிதிருத்துபவர், வாடிக்கையாளரின் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடக்கூடும். கேட்டவரின் தொழிலை அறிந்து சொன்ன பதில்.

லூத்தர் சொன்னதோடு நான் ஒன்று சேர்ப்பேன். அலைகிற மனத்தைத் திட்டி இழுத்து வருவதற்கு முன், அது எங்கே போயிற்று என்று பாருங்கள். வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்பு, யாரோ சொன்ன ஒரு சொல். பெரும்பாலும் அங்கேதான் நீங்கள் ஜெபிக்க வேண்டிய காரியம் கிடக்கும். புத்தகத்தை அப்படியே வைத்துவிட்டு அதைச் சொல்லுங்கள்.

உங்கள் மனம் எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அக்காவைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். என் கண் அங்கேயே நின்றுவிட்டது. உங்களுக்குக் குறைவது சொல்வளம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதையெல்லாம் பேசப் பார்த்தால் யாருக்குமே நாக்கு எழாது. யார்மேல் தவறு என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். "அக்காமேல் கோபமாக இருக்கிறேன், மன்னிக்க மனம் வரவில்லை" என்பதுதான் உள்ளே இருக்கிறது என்றால், இன்றைக்கு அதுவே உங்கள் ஜெபம். அழகுபடுத்தாதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்ட வாய்க்கே வேதத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

ஆனால் ஜெபித்தாயிற்று, இனி பேச வேண்டியதில்லை என்று இருந்துவிடவும் முடியாது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5-ஆம் அதிகாரம். சகோதரிக்கும் அதுதான். இன்றே தொலைபேசியை எடுக்க முடியாவிட்டால், "முடியவில்லை" என்பதையும் ஆண்டவரிடமே சொல்லுங்கள், நாளைக்கும் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். இந்த விஷயத்தை ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் குடும்பச் செய்தி வீடு வீடாகப் போய்வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு முன்பாக அது அக்காவின் காதுக்குப் போய்விட்டால், அப்புறம் நீங்கள் தொலைபேசியை எடுப்பது இன்னும் கடினமாகும்.