கோல்ஃப்-3 புரதம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், கோல்ஃப்-3 புரதம் கோல்கியை (செல்லில் புரதங்களைப் பதப்படுத்தி அனுப்பும் உள்ளுறுப்பு) இழுத்து விரிக்கிறது என்று ஓரிடத்தில் படித்தேன், நொதிகளைப் பிடித்து வைக்கிறது என்று இன்னோரிடத்தில். எது சரி?

பதில்: இரண்டுக்கும் நல்ல சான்று இருக்கிறது. இது 298 அமினோ அமிலங்கள் கொண்ட, சுமார் 34 கிலோடால்டன் புரதம். சவ்வை ஊடுருவி நிற்பதில்லை. செல்லின் உள்திரவமான சைட்டோசாலிலிருந்து வந்து, கோல்கியின் வெளியேறும் பக்கமான டிரான்ஸ்-கோல்கியில் உள்ள பிஐ4பி என்ற கொழுப்பில் ஒட்டுகிறது. ஒட்டியபின் மையோ18ஏ என்ற மையோசின் புரதம் வழியாக, செல்லின் இழைச் சட்டகமான ஆக்டினோடு இணைந்து, கோல்கியை இழுத்து நுண்பைகள் பிரிய உதவுகிறது. இது 2009-இல் வெளிவந்த விளக்கம். இன்னொன்று ஈஸ்ட்டில் உள்ள அதன் உறவுப் புரதமான விபிஎஸ்74-இலிருந்து வந்தது: சர்க்கரை ஏற்றும் நொதிகளின் சைட்டோசால் வாலை ஒரு கையால் பிடித்து, மறு கையால் நுண்பைகளைப் போர்த்தும் காப்-1 உறையைப் பிடித்து, அவற்றைப் பின்னோக்கி அனுப்புகிறது. அதனால் நொதிகள் கோல்கியை விட்டு நழுவுவதில்லை. ஒரே புரதம் இரண்டையும் செய்யலாம். இந்தப் புரதம் கூடுவது புற்றுநோயோடு தொடர்புடையது; எந்த வேலை அதற்குக் காரணம் என்பதில்தான் சண்டை.

கேள்வி: கோல்ஃப்-3ஐக் குறைத்த செல்களில் அதைத் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் மீட்புச் சோதனையில் ஆர்90எல் மாற்றுருவை (90ஆம் ஆர்ஜினின் லியூசினாக மாறியது) போட்டேன், மீளவில்லை. இழுவிசைக் கருத்து நிரூபணமானதாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. ஆர்90எல் பிஐ4பி-யில் ஒட்டாது, ஆகவே கோல்கிக்கே போய்ச் சேராது. போகாத புரதம் இழுக்கவும் செய்யாது, பிடிக்கவும் செய்யாது. இரண்டையும் பிரிக்க, புரதத்தின் தொடக்க முனையான என்-முனையில் காப்-1ஐப் பிடிக்கும் ஆர்ஜினின் கொத்தை மாற்றிய வடிவம் ஒரு பக்கம், மையோ18ஏ-வைக் குறைத்த செல்கள் மறுபக்கம் வேண்டும். மீட்பு மரபணு, புரதத்தைக் குறைக்க நீங்கள் போட்ட எஸ்ஐஆர்என்ஏ-வுக்குச் சிக்காத வரிசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அளவும் முக்கியம்: இயல்பைவிடப் பல மடங்கு வெளிப்பட்டால் அது மீட்பு அல்ல, புதிய சோதனை.

கேள்வி: புரதத்தைக் குறைத்தும் பெரிய விளைவு இல்லையே?

பதில்: முதலில் கோல்ஃப்-3எல் இருக்கிறதா பாருங்கள். வரிசையில் சுமார் 65 சதவீதம் ஒத்த உடன்பிறப்பு; எடையும் நெருக்கம் என்பதால் சில ஆன்டிபாடிகள் இரண்டையும் காட்டிவிடும். அது மையோ18ஏ-வைப் பிடிக்காது, ஆனால் நொதிகளைப் பிடிக்கும் வேலையில் பங்கெடுக்கும். நொதி இடம்பெயர்வைப் பார்க்க இரண்டையும் சேர்த்து நீக்குவது நல்லது. அடுத்து நேரம்: 48 முதல் 72 மணி நேரம் கழித்து, புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் குறைந்ததை உறுதி செய்யுங்கள்.

கேள்வி: பிஐ4பி சாயமேற்றும்போது கோல்கியில் சிக்னலே வருவதில்லை.

பதில்: பெரும்பாலும் சவ்வைத் துளையிடப் பயன்படும் டிரைட்டன் என்ற சோப்புப் பொருள்தான் குற்றவாளி, கொழுப்பையே கழுவிவிடும். 2 சதவீத ஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் நிலைப்படுத்தி, 20 மைக்ரோமோலார் டிஜிட்டோனினில் 5 நிமிடம் துளையிடுங்கள். மெத்தனாலும் இதற்கு ஆகாது. கோல்கியின் வடிவத்தை அளக்கும்போது மைட்டாசிஸில் (செல் பிரிவில்) உள்ள செல்களை ஒதுக்குங்கள். அவற்றில் கோல்கி தானாகவே சிதறியிருக்கும். கருவைச் சுற்றி அது எத்தனை பாகை பரவியிருக்கிறது என்று, எந்தத் தட்டு எது என்று தெரியாதவரை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டிஎன்ஏ சேதத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: சேதம் ஏற்பட்டதும் டிஎன்ஏ-பிகே நொதி கோல்ஃப்-3இன் 143ஆம் அமினோ அமிலமான திரியோனினில் பாஸ்பேட் ஏற்றுகிறது. மையோ18ஏ-வுடன் பிணைப்பு கூடி, கோல்கி சைட்டோபிளாசமெங்கும் சிதறுகிறது. கோல்ஃப்-3ஐ எடுத்துவிட்டால் சேதத்துக்குப் பின் செல்கள் பிழைப்பது குறைகிறது. கதிர்வீச்சோடும் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தோடும் சேர்த்துத் தடுக்கும் யோசனை இங்கிருந்து பிறந்ததுதான்.

கேள்வி: அப்படியானால் நேரடியாகத் தடுக்கும் மருந்து ஏன் வரவில்லை?

பதில்: இதற்கு நொதி வேலை இல்லை, அடைக்க வினைமையமும் இல்லை. பிஐ4பி குழி நேர்மின்னேற்றம் கொண்டது. அதில் பொருந்துவது எதிர்மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட். அதைப் போலச் செய்யும் மூலக்கூறு செல் சவ்வைத் தாண்டாது. புரதத்தைச் செல்லின் சிதைவு அமைப்புக்கு அனுப்பும் இருமுனை மூலக்கூறு நல்ல வழிதான், ஆனால் அதற்கும் முதலில் ஒட்டும் ஒரு முனை வேண்டும். மேல்நிலையில் பிஐ4பி-யை உண்டாக்கும் பிஐ4கே-3பீட்டா நொதியைத் தடுக்கலாம். அந்தத் தடுப்பான்கள் என்டரோவைரஸுக்காகத் தேடப்பட்டபோது நோயெதிர்ப்பு செல்களான லிம்போசைட்டுகளின் பெருக்கத்தையும் நிறுத்தின. அதோடு, அந்தக் கொழுப்பை நம்பியிருப்பது கோல்ஃப்-3 மட்டுமல்ல. என் கணிப்பில் கீழ்நிலையில் தேடுவது மேல்: கோல்ஃப்-3 கூடினால் சர்க்கரை கோத்த கொழுப்புகளான கிளைக்கோஸ்பிங்கோலிப்பிடுகளை உண்டாக்கும் நொதிகள் கூடுதலாகத் தங்கி, வளர்ச்சிச் சமிக்ஞையும், செல் வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் நொதியும் வலுக்கின்றன.

கேள்வி: கட்டியில் 5பி13 (கோல்ஃப்-3 மரபணு உள்ள 5ஆம் குரோமோசோம் பகுதி) பெருகியிருந்தால் கோல்ஃப்-3தான் காரணம் என்று எழுதலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து எழுதாதீர்கள். அதே 5பி13 பகுதியில் எஸ்கேபி2, ரிக்டார் மரபணுக்களும் இருக்கின்றன. ரிக்டார் எம்டார்-2 தொகுப்பின் உறுப்பு. எம்டார் சமிக்ஞை கூடியதைக் காட்டிக் கோல்ஃப்-3தான் காரணம் என்று எழுதினால், மதிப்பாய்வாளர் கேட்கும் முதல் கேள்வி ரிக்டாரைப் பற்றியதாகத்தான் இருக்கும். பெருக்கம் உள்ள செல்வரிசையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே குறைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.